மைன்கிராஃப்ட் சர்வருக்கு எத்தனை ஜிபி ரேம் தேவை? பிளானை மாற்றும் முன் இதைப் பாருங்க!

சனிக்கிழமை இரவு பத்தரை மணி. கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர். இப்போது இருவர் சென்னையில், ஒருவர் கோவையில், மூவர் பெங்களூருவில். ஆளுக்கொரு ஷிஃப்ட், ஆளுக்கொரு மேனேஜர். வாரம் ஒருமுறை எல்லாரும் ஒன்றுசேரும் ஒரே இடம், இரண்டு வருடமாகக் கட்டி வரும் ஒரு மைன்கிராஃப்ட் உலகம்தான்.

அன்றைக்குக் கதவைத் தட்டினால் இரண்டு விநாடி கழித்துத் திறக்கிறது. உடைத்த கல் மறுபடியும் முளைக்கிறது. பன்றி நின்ற இடத்திலேயே நடக்கிறது. "மச்சான், செம லேக் அடிக்குது" என்கிறார் ஒருவர். "ரேம் பத்தலடா, 16 ஜிபி பிளானுக்கு மாத்திடு" என்கிறார் இன்னொருவர். ஐந்தே நிமிடத்தில் யுபிஐ-யில் பணம் போய்விடுகிறது. அடுத்த சனிக்கிழமை? அதே கதவு, அதே இரண்டு விநாடி.

கற்பனைக் காட்சிதான். ஆனால் நண்பர்களுக்காக ஒரு கேம் சர்வரை வாடகைக்கு எடுத்தவர்கள் பலரும் இந்த இடத்தைக் கடந்துதான் வந்திருப்பார்கள். லேக் என்றாலே ரேம் என்று நினைப்பது நம் பழக்கம். ஹோஸ்டிங் கம்பெனிகளும் ரேம் அளவை வைத்துத்தான் பிளானை விற்கின்றன. உண்மையில் ஒரு சர்வருக்கு எவ்வளவு மெமரி தேவை? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எந்த மைன்கிராஃப்ட்?

மைன்கிராஃப்ட் இரண்டு வகை. கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும் ஜாவா எடிஷன் ஒன்று. மொபைல், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், விண்டோஸ் என்று எல்லாவற்றிலும் ஓடும் பெட்ராக் எடிஷன் இன்னொன்று. பெயரும் தோற்றமும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டும் வேறு வேறு புரோகிராம்கள்.

பெட்ராக் சர்வர் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. நான்கைந்து பேர் விளையாட அதற்கு அதிக மெமரி தேவைப்படாது. தனக்கு வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். "இவ்வளவு ஜிபி கொடு" என்று நாம் சொல்லும் ஏற்பாடு அதில் இல்லை.

மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது ஜாவா எடிஷன் சர்வர்தான். மாட், ப்ளக்இன் என்று பெரும்பாலான கூத்துகள் நடப்பதும் அங்கேதான். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதே. மொபைலில் விளையாடும் நண்பரையும் ஜாவா சர்வருக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் 'கீசர்' என்ற ப்ளக்இன் இருக்கிறது.

ரேமில் அப்படி என்னதான் இருக்கிறது?

மைன்கிராஃப்ட் உலகம் 'சங்க்' எனப்படும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சங்க் என்பது 16-க்கு 16 கட்டம். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலிருந்து அதன் உயரம் 384 கட்டம்; அதற்கு முன்பு 256. அதாவது இன்றைய ஒரு சங்க்கில் 98,304 கட்டங்கள்.

முழு உலகமும் ரேமில் இருக்காது. அது டிஸ்க்கில் தூங்கும். விளையாடுபவரைச் சுற்றியுள்ள சங்க்குகள் மட்டும்தான் ரேமுக்கு வரும். எவ்வளவு தூரம் வரை என்பதை 'வியூ டிஸ்டன்ஸ்' என்ற அமைப்பு முடிவு செய்கிறது. சர்வரில் அதன் ஆரம்ப மதிப்பு 10. நீங்கள் நிற்கும் சங்க்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் பத்துப் பத்து. அப்படியென்றால் 21-க்கு 21, மொத்தம் 441 சங்க்குகள். கட்டக் கணக்கில் சுமார் 4.3 கோடி! ஒருத்தருக்கு!

பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக இடம் பிடிப்பதில்லை. வெறும் காற்று, ஒரே வகைக் கல் என்று இருக்கும் பகுதிகளைச் சர்வர் சுருக்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு விஷயம் இங்கே முக்கியம்: கணக்கு ஆள் எண்ணிக்கையோடு முடிவதில்லை.

ஆறு பேரும் ஒரே கிராமத்தில் நின்று வீடு கட்டினால் ஏறக்குறைய அதே 441 சங்க்குகள்தான் எல்லாருக்கும். ஆறு பேரும் ஆறு திசையில் புதையல் தேடிப் போனால்? ஆறு தடவை 441, அதாவது 2,646. ஆட்கள் அதே ஆறு பேர்தான், ஆனால் சுமை ஆறு மடங்கு. "ஆறு பேருக்கு எத்தனை ஜிபி?" என்ற கேள்விக்கு யாராலும் ஒரே பதில் சொல்ல முடியாததற்கு இது முதல் காரணம்.

இதோடு வேறு சிலவும் ரேமில் இடம் பிடிக்கும். ஆடு, மாடு, கிராமத்தார், கீழே கிடக்கும் பொருட்கள் எல்லாம் ஒரு பக்கம். நீங்கள் சேர்க்கும் ப்ளக்இன்கள் இன்னொரு பக்கம். மாட் விஷயம் இன்னும் பெரிது. 200, 300 மாட்கள் கொண்ட பெரிய மாட்பேக் என்றால், ஒருவர்கூட உள்ளே வராதபோதே சில ஜிபி நிரம்பியிருக்கும். புதிய பொருட்கள், புதிய உயிரினங்கள், அவற்றின் செய்முறைகள் என்று எல்லாவற்றையும் சர்வர் தொடங்கும்போதே ஏற்றிக்கொள்ள வேண்டுமே.

கல்யாணப் பந்தியும் சர்வரும்

ஜாவாவின் மெமரி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கல்யாணப் பந்தியை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

பந்தி மண்டபம்தான் ரேம். இலை போட்டு உட்காருபவர்கள், சர்வர் அந்த நொடியில் பயன்படுத்தும் தகவல்கள். சாப்பிட்டவர் எழுந்து போனாலும் அவருடைய இலை உடனே போய்விடாது. அடுத்த காலி இடத்தில் புது இலை விழும். அதற்கு அடுத்த இடத்தில் இன்னொன்று. மண்டபம் நிறைந்துவரும்போதுதான் ஆட்கள் வந்து எச்சில் இலைகளை எடுத்து, துடைத்து, இடத்தைக் காலி செய்வார்கள்.

ஜாவாவும் இப்படித்தான். பயன்படுத்தி முடித்த தகவலை உடனுக்குடன் அழிக்காது. இடம் தேவைப்படும்போது மொத்தமாகக் குப்பை அள்ளும். இதற்குப் பெயர் 'கார்பேஜ் கலெக்‌ஷன்'. இலை எடுக்கிற அந்தச் சில கணங்கள் பரிமாறுவது நின்றுவிடும். கேமில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு நொடி உறைந்து, பிறகு படபடவென்று ஓடுவதாகத் தெரிவது பல சமயம் இதுதான்.

மைன்கிராஃப்ட் சர்வரின் இதயத்துடிப்பு விநாடிக்கு 20. ஒவ்வொரு துடிப்புக்கும் 'டிக்' என்று பெயர், அதற்குக் கிடைக்கும் நேரம் 50 மில்லிவிநாடி. இன்றைய ஜாவாவில் பரவலாகப் பயன்படும் 'ஜி1' முறை, ஒரு தடவை குப்பை அள்ளும்போது 200 மில்லிவிநாடிக்கு மேல் நிறுத்தாமல் இருக்கப் பார்க்கும். அந்த 200 மில்லிவிநாடி முழுதாகப் போனால் நான்கு டிக் போச்சு. எப்போதாவது நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நிமிடத்துக்குப் பத்து தடவை நடந்தால் விளையாடவே முடியாது.

மண்டபம் சின்னதாக இருந்தால் இலை எடுக்கிற வேலை அடிக்கடி வரும். மண்டபம் முழுக்க ஆட்களே உட்கார்ந்திருந்து, எடுப்பதற்கு எச்சில் இலையே இல்லையென்றால்? அடுத்து வருபவருக்கு இடமில்லை. அதுதான் 'அவுட் ஆஃப் மெமரி' பிழை. சர்வர் விழுந்துவிடும்.

பேனலில் 95 சதவீதம் காட்டுதே, ஆபத்தா?

பலர் பதறிப்போய் பிளானை மாற்றுவது இந்த எண்ணைப் பார்த்துத்தான். ஹோஸ்டிங் பேனலில் மெமரி 90, 95 சதவீதம் என்று சிவப்பில் காட்டும். அது மட்டும் ஆபத்தின் அறிகுறி கிடையாது. கொடுத்த இடத்தையெல்லாம் பயன்படுத்திவிட்டு, நிறைந்த பிறகு துடைப்பதுதான் ஜாவாவின் சுபாவம். 4 ஜிபி கொடுத்தால் 4-ஐ நிரப்பும், 12 கொடுத்தால் 12-ஐ நிரப்பும்.

பார்க்க வேண்டியது வேறு: குப்பை அள்ளிய உடனே எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

மெமரி வரைபடத்தைப் பார்த்தால் அது ரம்பப் பல் மாதிரி இருக்கும். மெதுவாக ஏறும், சட்டென்று இறங்கும். மறுபடி ஏறும், இறங்கும். நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது பல்லின் அடிப்பகுதி. அதுதான் உங்கள் உலகத்துக்கு நிஜமாகவே தேவைப்படும் அளவு.

உதாரணத்துக்கு, 6 ஜிபி கொடுத்திருக்கிறீர்கள். வரைபடம் 5.5 வரை ஏறி 2.5-க்கு இறங்குகிறது. நிஜத் தேவை 2.5 ஜிபி. பாதிக்கு மேல் இடம் காலியாகிறது, ஒரு குறையும் இல்லை. அதே 6 ஜிபி-யில் 5.8 வரை ஏறி 5.2-க்குத்தான் இறங்குகிறது என்றால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். இரண்டு இடத்திலும் பேனல் காட்டுவது 90 சதவீதத்துக்கு மேல்தான்!

கைக்கணக்காக இப்படி வைத்துக்கொள்ளலாம்: அடிப்பகுதி அளவைப் போல இரண்டு மடங்கு ஜாவாவுக்குக் கொடுத்தால் நிம்மதி. ஆள் அதிகமாக இருக்கும் நேரத்தில், அதாவது அந்தச் சனிக்கிழமை இரவில், இதை அளக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் காலி சர்வரைப் பார்த்துப் பயனில்லை.

அளப்பதற்கு 'ஸ்பார்க்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. ப்ளக்இன்னாகவும் மாட் ஆகவும் கிடைக்கும். அதில் 'ஸ்பார்க் ஹெல்த்', 'ஸ்பார்க் ஜிசி' ஆகிய கட்டளைகளைக் கொடுத்தால் மெமரி நிலவரமும், குப்பை அள்ள ஆகும் நேரமும் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கேமில் எஃப்3 அழுத்தினால் மேலே வலப்பக்கம் ஒரு மெமரி சதவீதம் தெரியும். அது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் கேமின் கணக்கு. வாடகைக்கு எடுத்த சர்வருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எல்லா லேக்கும் ரேம் லேக் இல்லை

மறுபடி பந்திக்கு வருவோம். மண்டபத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டீர்கள். ஆனால் பரிமாறுவது ஒரே ஒரு ஆள். சாம்பார் சீக்கிரம் வந்துவிடுமா?

மைன்கிராஃப்ட் சர்வரின் முக்கிய வேலைகள் பெரும்பாலும் சிபியு-வின் ஒரே ஒரு கோரில்தான் நடக்கின்றன. பன்றி எங்கே நடக்க வேண்டும், ரெட்ஸ்டோன் எப்போது எரிய வேண்டும், ஹாப்பர் எந்தப் பொருளை இழுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு ஆள்தான் 50 மில்லிவிநாடிக்குள் முடித்தாக வேண்டும். முடியவில்லையென்றால் கேம் மெதுவாகும். 64 ஜிபி ரேம் வாங்கி வைத்தாலும் அந்த ஆள் வேகமாக மாட்டார்.

எனவே முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அறிகுறிகள் இவை:

எல்லாருக்கும் எப்போதும் மெதுவாக இருக்கிறதா? ஒரு டிக்குக்கு ஆகும் நேரத்தைப் பாருங்கள். ஸ்பார்க் இதையும் காட்டும், 1.20.3 பதிப்பிலிருந்து கேமிலேயே 'டிக் குவெரி' என்ற கட்டளை இருக்கிறது. சராசரி 50 மில்லிவிநாடியைத் தாண்டினால் பெரும்பாலும் சிபியு பிரச்சினை. நூற்றுக்கணக்கில் அடைத்து வைத்த கோழிகள், கிராமத்தார் கூட்டம், ஓயாமல் ஓடும் ஹாப்பர்கள் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள்.

யாராவது புது நிலப்பரப்புக்குப் பறக்கும்போது மட்டும் திணறுகிறதா? எலிட்ரா மாட்டிக்கொண்டு ஒருவர் பறந்தால், யாரும் காணாத நிலத்தைச் சர்வர் அந்தக் கணத்திலேயே உருவாக்க வேண்டும். இதுவும் முதலில் சிபியு-வின், பிறகு டிஸ்க்கின் வேலை.

சீரான இடைவெளியில் எல்லாரும் உறைந்து மீள்கிறார்களா? அதே கணத்தில் மெமரி வரைபடமும் கீழே இறங்குகிறதா? இது குப்பை அள்ளும் பிரச்சினை. இங்கேதான் ரேம் அளவும் ஜாவா அமைப்புகளும் உதவும்.

மணிக்கணக்கில் ஓட ஓட மோசமாகி, கடைசியில் விழுகிறதா? ரம்பப் பல்லின் அடிப்பகுதி ஒவ்வொரு மணி நேரமும் மேலேறிக்கொண்டே போனால், ஏதோ ஒரு ப்ளக்இன் அல்லது மாட் மெமரியைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கலாம். இதற்கு ரேம் கூட்டுவது ஓட்டை வாளிக்குப் பதில் பெரிய ஓட்டை வாளி வாங்குவது மாதிரி. விழும் நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஒருவருக்கு மட்டும் லேக்கா? அவருடைய வைஃபை, இல்லையென்றால் அவருடைய லேப்டாப். படம் திக்கித் திக்கி வருவது கிராபிக்ஸ் பிரச்சினை. அதற்குச் சர்வர் பொறுப்பில்லை.

அடித்த அடி தாமதமாக விழுகிறதா? சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து ஜெர்மனி நேர்கோட்டிலேயே 7,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்பவே குறைந்தது 70 மில்லிவிநாடி. கேபிள் வளைந்து நெளிந்து போவதால் நிஜத்தில் இன்னும் அதிகம். மும்பை என்றால் சுமார் 1,000 கிலோமீட்டர்தான். சர்வர் இருக்கும் ஊரை மாற்றாமல் இது தீராது.

சரி, எத்தனை ஜிபி-ன்னு சொல்லுங்க!

வருகிறோம். கீழே இருப்பது தொடங்குவதற்கான தோராயக் கணக்கு. ஜாவாவுக்கு மட்டும் ஒதுக்க வேண்டிய அளவு இது. பிளான் அளவு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறோம்.

- மாட், ப்ளக்இன் இல்லாத சாதாரண சர்வர், 2 முதல் 5 பேர்: 2 முதல் 4 ஜிபி
- பேப்பர் சர்வர், பத்துப் பதினைந்து ப்ளக்இன்கள், 5 முதல் 10 பேர்: 4 முதல் 6 ஜிபி
- அதே அமைப்பு, 20 பேர் வரை: 6 முதல் 10 ஜிபி
- சிறிய மாட்பேக், நான்கைந்து நண்பர்கள்: 4 முதல் 6 ஜிபி
- 200-க்கு மேல் மாட்கள் உள்ள பெரிய மாட்பேக்: 8 முதல் 12 ஜிபி

கேமைத் தயாரிக்கும் மொஜாங் நிறுவனத்தின் டவுன்லோட் பக்கத்தில் உள்ள மாதிரிக் கட்டளையில் வெறும் 1,024 எம்பி-தான் இருக்கும். அது சர்வரை ஓட வைத்துப் பார்க்கப் போதும். ஆறு பேர் ஆறு திசையில் ஓடும் உலகத்துக்குப் பத்தாது.

பட்டியலில் உங்கள் வரிசையின் கீழ் எண்ணில் தொடங்குங்கள். இரண்டு சனிக்கிழமை விளையாடி, அடிப்பகுதியை அளந்து, தேவைப்பட்டால் மட்டும் ஏறுங்கள். பிளானை மாதக் கணக்கில் எடுங்கள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு முதல் நாளே ஒரு வருடத்துக்குக் கட்டிவிட வேண்டாம்.

8 ஜிபி பிளானில் 8 ஜிபி-யையும் கொடுக்கலாமா?

கூடாது. இது பலர் செய்யும் தப்பு.

ஜாவாவைத் தொடங்கும்போது 'எக்ஸ்எம்எக்ஸ்' என்ற அமைப்பில் நாம் கொடுக்கும் எண், பந்தி மண்டபத்தின் அளவு மட்டுமே. சமையல்கட்டு, கை கழுவும் இடம், செருப்பு விடும் இடம் எல்லாம் அதற்கு வெளியே. ஜாவா தன் சொந்த வேலைகளுக்கும், நெட்வொர்க் பரிமாற்றத்துக்கும் அந்த எண்ணுக்கு மேல் கொஞ்சம் மெமரி எடுக்கும். இயங்குதளத்துக்கும் தனியாக வேண்டும்.

இடமே விடாமல் மொத்தத்தையும் கொடுத்தால், ஒரு கட்டத்தில் லினக்ஸ் "மெமரி இல்லை" என்று அதிகமாகத் தின்னும் புரோகிராமைக் கொன்றுவிடும். அது உங்கள் சர்வர்தான். இதில் ஜாவா பிழைச் செய்திகூட இருக்காது. லாக் ஃபைல் பாதியில் நின்றிருக்கும், அவ்வளவே. காரணம் புரியாமல் மக்கள் இரவெல்லாம் தேடுவது இதைத்தான்.

எனவே 1 முதல் 1.5 ஜிபி வரை விட்டுவைத்து மிச்சத்தைக் கொடுங்கள். 8 ஜிபி பிளான் என்றால் ஜாவாவுக்கு 6.5. சில ஹோஸ்டிங் சேவைகள் இதைத் தாங்களே கணக்கிட்டுத் தருகின்றன. பேனலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப அளவான 'எக்ஸ்எம்எஸ்' என்பதையும் உச்ச அளவான 'எக்ஸ்எம்எக்ஸ்' என்பதையும் ஒரே எண்ணாக வைப்பது நல்லது. நடுவில் மண்டபத்தை விரிவாக்கும் வேலை மிச்சம்.

வீட்டு லேப்டாப்பிலேயே சர்வர் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 8 ஜிபி லேப்டாப்பில் விண்டோஸ், பிரவுசர், கேம், சர்வர் நான்கும் ஒரே மெமரிக்குச் சண்டை போடும்.

நிறைய இருந்தா என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம் பணம். ஒரு கணக்குக்காக, ஜிபி ஒன்றுக்கு மாதம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6 ஜிபி போதும் என்ற இடத்தில் 16 ஜிபி எடுத்தால் வருடத்துக்கு 18,000 ரூபாய் கூடுதல். அந்தப் பணத்தில் ஆறு பேரும் ஒருமுறை நேரிலேயே சந்தித்துவிடலாம்.

இரண்டாவது, அளவுக்கு மீறினால் பலன் குறையும். குப்பை அள்ளும் வேலை அடிக்கடி நடக்காது என்பது உண்மை. ஆனால் பெரிய மெமரியில் எப்போதாவது முழு அளவிலான துப்புரவு நடந்தால், அந்த ஒரு நிறுத்தம் நீளமாக இருக்கும். ஜாவாவில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுமார் 32 ஜிபி-யைத் தாண்டியதும், தகவல்களின் முகவரிகளைச் சுருக்கி எழுதும் வசதியை அது இழந்துவிடும். ஒவ்வொரு முகவரிக்கும் இரட்டிப்பு இடம் பிடிக்கும். அதனால் 31 ஜிபி-யில் அடங்கியது 33 ஜிபி-யில் அடங்காமல் போகலாம்!

ஆயிரக்கணக்கானோர் விளையாடும் ஹைபிக்செல் போன்ற பெரிய நெட்வொர்க்குகளும் எல்லாரையும் ஒரே சர்வரில் அடைப்பதில்லை. பல சிறிய சர்வர்களாகப் பிரித்து, முன்னால் ஒரு நுழைவாயில் வைத்து ஆட்களைப் பிரித்து அனுப்புகின்றன. ஒரே பெரிய மண்டபத்தைவிட ஆளுக்கொரு பரிமாறுபவர் உள்ள பத்துச் சின்ன மண்டபங்கள் மேல்.

பணம் கட்டும் முன் இலவசமாகச் செய்யக்கூடியவை

வியூ டிஸ்டன்ஸைக் குறைத்துப் பாருங்கள். 10-லிருந்து 6 ஆக்கினால் ஒருவருக்கு 441 சங்க்குகள் 169 ஆகிவிடும். 60 சதவீதத்துக்கு மேல் மிச்சம். தூரத்து மலை தெரியவில்லையே என்று யாராவது புலம்பினால் 8 வைத்துச் சமரசம் செய்யலாம். உயிரினங்களும் பயிர்களும் எவ்வளவு தூரம் வரை இயங்க வேண்டும் என்பதைத் தனியாகத் தீர்மானிக்க 'சிமுலேஷன் டிஸ்டன்ஸ்' இருக்கிறது. அதைக் குறைத்தால் சிபியு-வுக்கும் ஓய்வு.

பேப்பருக்கு மாறுங்கள். மாட் எதுவும் இல்லாத சர்வர் என்றால், மொஜாங் தரும் சர்வருக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் 'பேப்பர்' நன்றாக வேலை செய்யும். ஒன்று மட்டும்: சில ரெட்ஸ்டோன் தந்திரங்களும் பொருட்களை நகலெடுக்கும் குறுக்குவழிகளும் அதில் வேலை செய்யாது. மாறும் முன் பேக்கப் எடுங்கள்.

நிலத்தை முன்கூட்டியே உருவாக்குங்கள். 'சங்க்கி' என்ற ப்ளக்இன், யாரும் விளையாடாத நேரத்தில் குறிப்பிட்ட பரப்பளவு வரை உலகத்தைத் தயாரித்து வைத்துவிடும். இரவு ஓடவிட்டுத் தூங்குங்கள். பறப்பவரால் வரும் லேக் பெருமளவு குறையும்.

கோழிப் பண்ணையைக் கலையுங்கள். நண்பருக்கு மனம் வலிக்கும்தான். வேறு வழியில்லை.

இதெல்லாம் செய்த பிறகும் பிளான் மாற்ற வேண்டுமென்றால், ஹோஸ்டிங் கம்பெனியிடம் ரேமோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: எந்த சிபியு மாடல்? கோர் எனக்கு மட்டுமா, பத்துப் பேருக்குப் பங்கா? டிஸ்க் என்விஎம்இ வகையா? சர்வர் இருப்பது எந்த ஊரில்? வேண்டாமென்றால் சின்ன பிளானுக்கு இறங்க முடியுமா? பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

ரேமைவிட முக்கியமான ஒன்று

மெமரி தீர்ந்து சர்வர் விழுவதில் உண்மையான இழப்பு அந்த ஐந்து நிமிட எரிச்சல் கிடையாது. சர்வர் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் டிஸ்க்கில் எழுதுவதில்லை. உலகம் ஒரு நேரத்தில், வீரர்களின் பை இன்னொரு நேரத்தில் என்று எழுதும். நடுவில் விழுந்தால் பெட்டியிலிருந்து எடுத்த வைரம் பையிலும் இருக்காது, பெட்டியிலும் இருக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால் சங்க்குகள் சிதையவும் வாய்ப்பு உண்டு. இரண்டு வருடக் கட்டடத்தின் நடுவே புத்தம்புதுக் காடு முளைத்து நிற்கும்.

இதற்கு எந்த ஜிபி-யும் காப்பீடு தராது. தினமும் ஒரு தானியங்கி பேக்கப், அதன் நகல் ஒன்று ஹோஸ்டிங் கம்பெனிக்கு வெளியே உங்கள் கம்ப்யூட்டரிலோ கிளவுடிலோ. இவ்வளவுதான். மாதம் ஒருமுறை அதிலிருந்து உலகத்தைத் திறந்து பார்த்து, வேலை செய்கிறதா என்று சோதித்தும் கொள்ளுங்கள். திறக்காத பேக்கப்பை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

அடுத்த சனிக்கிழமை யாராவது "ரேம் பத்தலடா" என்றால், உடனே யுபிஐ-யைத் திறக்காதீர்கள். "இரு மச்சான், குப்பை அள்ளின பிறகு எவ்வளவு மிச்சம்னு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் அளந்தால் தெரிந்துவிடும், பிரச்சினை ரேமிலா, கோழிப் பண்ணையிலா என்று!